மூச்சு வாங்குதே, நடக்கலாமா? நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெஞ்சக நோய்ப் பிரிவில் பிசியோதெரபி பார்க்கிறவள் நான். சிஓபிடி (காற்றுக்குழாய்கள் அடைபடும் நாள்பட்ட நோய்), காசநோய் ஆறிய பிறகு தழும்பேறிய நுரையீரல், ஐஎல்டி (நுரையீரல் இறுகிப்போகும் நோய்), பிராங்கியெக்டாசிஸ் (காற்றுக்குழாய்கள் விரிந்து சளி தேங்கும் நோய்) என்று பெயர்கள் வேறாக இருந்தாலும், வருகிறவர்களும் அவர்களைக் கூட்டி வரும் பிள்ளைகளும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். இது பொதுவான விளக்கம். உங்கள் உடம்புக்கு எது பொருந்தும் என்பதை உங்களைப் பார்க்கும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

"பல்மனரி ரீஹாப்னு டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கார். அப்படின்னா என்ன?"

நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கென்றே அமைத்த பயிற்சித் திட்டம். பொதுவாக வாரத்துக்கு 2 அல்லது 3 நாள், 6 முதல் 12 வாரம் வரை நடக்கும். நடை அல்லது சைக்கிள், கை கால் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி, மூச்சிரைக்கும்போது எப்படிச் சமாளிப்பது, இன்ஹேலரைச் சரியாக எடுப்பது, சாப்பாடு, புகையை விடுவது, பயத்தைக் கையாள்வது எல்லாம் இதில் அடங்கும்.

இத்தனையும் இருந்தாலும் இதன் உயிர் உடற்பயிற்சிதான். அதை எடுத்துவிட்டு மற்றவற்றை மட்டும் சொல்லிக் கொடுத்தால் கேட்பவருக்கு விவரம் தெரியும், மாடிப்படி ஏற முடியாது.

"பத்தடி நடந்தாலே அவருக்கு மூச்சு வாங்குது. அவரைப் போய் நடக்கச் சொல்றீங்களே, நுரையீரல் இன்னும் கெட்டுப்போகாதா?"

கெட்டுப்போகாது. இந்த ஒரு பயம் போய்விட்டால் பாதி வேலை முடிந்தது.

மூச்சு வாங்குகிறது என்று ஒருவர் நடையைக் குறைக்கிறார். நடக்காத காலில் தொடைத்தசை மெலிகிறது. மெலிந்த தசை சிறிது வேலை செய்தாலே லாக்டிக் அமிலத்தைச் சுரக்கிறது. அந்த அமிலத்தை ஈடுகட்ட உடம்பு இன்னும் அதிகமாக மூச்சு விட வேண்டியிருக்கிறது. ஆறு மாதம் முன்பு தெருமுனை வரை போனவருக்கு இப்போது வாசல் வரை போனாலே இரைக்கும். நோய் முற்றிவிட்டது என்று எல்லோரும் நினைப்பார்கள். பல சமயம் நுரையீரல் அப்படியேதான் இருக்கும், கால்தான் போயிருக்கும்.

மருத்துவர்களே ஒரு காலத்தில் ஓய்வெடுங்கள் என்றுதான் சொல்லி அனுப்பினார்கள். 1950-களில் அமெரிக்காவில் ஆல்வன் பாரக் என்ற மருத்துவர் இதற்கு மாறாகப் பேசத் தொடங்கினார். 1960-களின் கடைசியில் டென்வரில் தாமஸ் பெட்டி இதை ஒரு முறையான திட்டமாக நடத்திக் காட்டினார். 1991-இல் ரிச்சர்ட் காசபுரி குழுவினரின் ஆய்வு, சிஓபிடி உள்ளவர்கள் நன்றாகப் பயிற்சி செய்த பிறகு அதே வேலைக்குச் சுரக்கும் லாக்டிக் அமிலமும் தேவைப்படும் மூச்சும் குறைவதை அளந்து காட்டியது. பயிற்சியின்போது வரும் மூச்சிரைப்பு நுரையீரலைக் கிழிப்பதில்லை. கஷ்டமாக இருக்கும், நின்றால் அடங்கும்.

"அப்போ நுரையீரல் பழையபடி ஆயிடுமா? ஊதுற டெஸ்ட் நல்லா வருமா?"

ஆகாது. ஸ்பைரோமெட்ரி எண் ஏறக்குறைய அப்படியே இருக்கும். இதை முதல் நாளே சொல்லிவிடுவது என் வழக்கம். இல்லையென்றால் எட்டு வாரம் உழைத்துவிட்டு ரிப்போர்ட்டைப் பார்த்து மனம் உடைந்து போவார்கள்.

மாறுவது முந்தைய பதிலில் சொன்ன தசை. வலுவான கால் அதே தூரத்துக்கு நுரையீரலிடம் குறைவாகக் கேட்கும். அதனால் இருக்கிற நுரையீரலை வைத்துக்கொண்டே கூடுதலாக நடக்கலாம், இரைப்பும் குறையும். சிஓபிடியில் இது பலன் தருமா என்று 2015-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரன் அமைப்பு 65 ஆய்வுகளை, மொத்தம் 3,822 பேரை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. நடக்கும் திறன், மூச்சிரைப்பு, சோர்வு, அன்றாட வாழ்க்கை எல்லாவற்றிலும் முன்னேற்றம் இருந்தது. பயிற்சி இல்லாத வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிட்டு இனியும் ஆய்வு செய்யத் தேவையில்லை என்று சொல்லும் அளவுக்கு முடிவு தெளிவாக வந்தது.

"ஆறு நிமிஷம் நடக்க விடுறாங்களே, அதுல பாஸ் ஃபெயில் உண்டா?"

கிடையாது. 30 மீட்டர் வராந்தாவில் முன்னும் பின்னும் உங்களால் முடிந்த அளவு நடக்க வேண்டும், அவ்வளவுதான். நடுவில் நிற்கலாம், சுவரில் சாயலாம். கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். 6 நிமிடத்தில் எத்தனை மீட்டர், ஆக்சிஜன் எவ்வளவு இறங்கியது, எவ்வளவு இரைத்தது என்று குறித்துக்கொள்வோம். உங்கள் பயிற்சி வேகத்தை முடிவு செய்வது இதை வைத்துத்தான். பயிற்சி முடிந்து மறுபடி நடக்கும்போது 30 மீட்டர் கூடியிருந்தால் அது நல்ல முன்னேற்றம்.

"சேர்றதுக்கு முன்னாடி என்னென்ன பார்க்கணும்? யாருக்கு இது கூடாது?"

ஸ்பைரோமெட்ரி, ஈசிஜி, தேவைப்பட்டால் எக்கோ, உட்கார்ந்திருக்கும்போதும் நடக்கும்போதும் ஆக்சிஜன் அளவு. சளியில் காசநோய்க் கிருமி இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் சளிப் பரிசோதனை முதலில்.

அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், ஓய்வில் இருக்கும்போதே நெஞ்சுவலி வருகிறவர்கள், இதய வால்வு கடுமையாகச் சுருங்கியவர்கள், கட்டுப்படாத இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்கள், சளியில் ரத்தம் வந்துகொண்டிருப்பவர்கள் உடனே தொடங்கக் கூடாது. அந்தப் பிரச்சினையைப் பார்க்கும் மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு பார்க்கலாம். வயது ஒரு தடை இல்லை. மூட்டுவலியும் தடை இல்லை: சைக்கிள் இருக்கிறது, நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்யும் பயிற்சி இருக்கிறது.

"எவ்வளவு மூச்சு வாங்குற வரைக்கும் நடக்கலாம்?"

0 முதல் 10 வரை ஒரு அளவுகோல் வைத்திருக்கிறோம். 0 என்றால் இரைப்பே இல்லை, 10 என்றால் தாங்கவே முடியாத இரைப்பு. 4 முதல் 6 வரை வரும்படி நடக்க வேண்டும். ஒரு சின்ன வாக்கியம் பேச முடியும், நின்று கதை பேச முடியாது, அந்த அளவு. 2-லேயே நின்றுவிட்டால் தசைக்கு வேலை கிடைக்காது. மெதுவாக உலாவிவிட்டு "தினமும் வாக்கிங் போறேனே, ஒண்ணும் மாறலை" என்று சொல்பவர்கள் நிறையப் பேர். வேகம் போதாததுதான் காரணம்.

30 நிமிடம் ஒரே மூச்சாக நடக்க முடியாதவர் ஒரு நிமிடம் நடந்து ஒரு நிமிடம் நிற்கலாம். மொத்தக் கணக்குதான் முக்கியம். வலுவூட்டும் பயிற்சியில் ஒவ்வொன்றும் 8 முதல் 12 முறை. எளிதாகிவிட்டால் எடையைக் கூட்ட வேண்டும். சல்பியூட்டமால் போன்ற, காற்றுக்குழாயை விரிக்கும் இன்ஹேலர் எழுதிக் கொடுத்திருந்தால், பயிற்சிக்குக் கால் மணி நேரம் முன்பு எடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பலருக்கு அதுவே பெரிய வித்தியாசம் தரும்.

"எப்போ உடனே நிறுத்தணும்?"

நெஞ்சுவலி, தலைசுற்றல், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, சளியில் ரத்தம், இதில் எது வந்தாலும் நிறுத்துங்கள். ஆக்சிஜன் எந்த எண்ணுக்குக் கீழே போனால் நிற்க வேண்டும் என்று உங்கள் மருத்துவர் சொல்லியிருப்பார். பெரும்பாலும் 88 சதவீதத்தை ஒட்டி இருக்கும்.

நின்றதும் நாற்காலியில் உட்கார்ந்து, முன்னால் குனிந்து, முழங்கைகளைத் தொடைமேல் ஊன்றிக்கொள்ளுங்கள். நிற்கும் நிலையில் என்றால் மேசையிலோ சன்னல் திட்டிலோ கையை ஊன்றலாம். மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து, இழுத்ததைப் போல இரண்டு மடங்கு நேரம் மெதுவாக வெளியே விடுங்கள். சில நிமிடத்தில் அடங்கிவிட வேண்டும். இன்ஹேலர் எடுத்தும் பத்து நிமிடத்துக்கு மேல் அடங்கவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

"மூணு பந்து ஊதுற கருவி வாங்கி தினமும் செய்யறேன். அதே போதாதா?"

போதாது. முதலில், அது ஊதுகிற கருவியே இல்லை, மூச்சை உள்ளே இழுத்துப் பந்தை ஏற்ற வேண்டும். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விடுகிறவர்கள் ஆழமாக இழுக்கட்டும் என்று கொடுப்பது. கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வந்து, நுரையீரல் நோய் எதுவானாலும் இதுதான் மருந்து என்று ஆகிவிட்டது. மூன்று பந்தும் மேலே போவதால் காலில் ஒரு தசைநார்கூட வலுப்படாது.

பலூன் ஊதுவதும் அப்படித்தான். சிஓபிடியில் காற்றுக்குழாய்கள் தளர்ந்திருக்கும். அழுத்தி ஊதினால் அவை மூடிக்கொண்டு காற்று உள்ளேயே தங்கிவிடும். இறங்க வேண்டியவர்கள் இறங்காத பேருந்தில் புதிதாக யாரும் ஏற முடியாதது போல, பழைய காற்று போகாமல் புதுக் காற்றுக்கு இடமில்லை. உதட்டைக் குவித்து மெதுவாக விடச் சொல்வது இதற்காகத்தான்: குழாய்கள் கொஞ்ச நேரம் திறந்திருந்து பழைய காற்று வெளியேறும்.

"பிராணாயாமம் செய்யலாமா? கபாலபாதி?"

மெதுவாக, நீளமாக மூச்சை வெளிவிடும் பிராணாயாமம் நல்லது, பதற்றமும் குறையும். கபாலபாதி, பஸ்திரிகா போல வேகவேகமாக மூச்சுவிடும் முறைகளை நடுத்தர, கடுமையான சிஓபிடி உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது. மேலே சொன்னபடி காற்று உள்ளே தேங்கும். மூச்சை அடக்கி நிறுத்துவதும் வேண்டாம். எதைச் செய்தாலும் அது நடைக்கும் வலுவூட்டும் பயிற்சிக்கும் மாற்று இல்லை.

"நடக்கிறதுகூடப் பரவாயில்லை. குளிக்கிறதும் துணி உடுத்துறதும்தான் உயிர் போகுது. அது ஏன்?"

பெண்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது. மருத்துவரிடம் சொல்லத் தயங்கி எங்களிடம் சொல்வார்கள். நுரையீரல் நோய் கூடக்கூட, கழுத்தும் தோளும் சேர்ந்து மூச்சுக்கு உதவி செய்கின்றன. தலைக்குத் தண்ணீர் ஊற்றவும் சடை பின்னவும் கையைத் தூக்கும்போது அதே தசைகள் கைக்கு வேலை செய்யப் போய்விடுகின்றன. குனிந்தால் வயிறு, நெஞ்சுக்குக் கீழே இருக்கும் மூச்சுத்தசையான உதரவிதானத்தை மேலே தள்ளுகிறது. கோலம் போடும்போதும், கீழே உட்காரும் கழிவறையிலும் இரைப்பது இதனால்தான்.

குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் முக்காலி போட்டு உட்கார்ந்து குளியுங்கள், வாளியையும் இன்னொரு முக்காலிமேல் வையுங்கள். ஆவி நிறையாமல் கதவைச் சற்றுத் திறந்து வைக்கலாம். குளித்ததும் பெரிய துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தால் ஈரம் தானே இறங்கும், கையைத் தூக்கித் துவட்ட வேண்டாம். மேற்கத்தியக் கழிவறை வைக்க முடிந்தால் வைத்துவிடுங்கள். காய் நறுக்குவது, மாவு பிசைவது எல்லாம் மேசையில், உட்கார்ந்தபடி. குடம் தூக்குவது, படி ஏறுவது, எழுந்திருப்பது எதுவானாலும் சிரமப்படும் நொடியில் மூச்சை வெளியே விடுங்கள், அடக்காதீர்கள். இதோடு தோளுக்கும் கைக்கும் தனிப் பயிற்சி தருவோம். சில வாரங்களில் சடை பின்னுவது எளிதாவதைப் பார்க்கலாம்.

"காசநோய் எப்பவோ குணமாயிடுச்சு, மருந்தும் முடிச்சாச்சு. ஆனாலும் மூச்சு வாங்குதே?"

கிருமி போய்விட்டது, அது விட்டுப்போன தழும்பு இருக்கிறது. நம் ஊரில் இப்படி இருப்பவர்கள் ஏராளம். இன்னும் காசநோய் இருக்கிறது என்று அக்கம்பக்கம் ஒதுக்குவதும் நடக்கிறது, அது தவறு. இவர்களுக்கும் பயிற்சி பலன் தரும். பெரும்பாலும் எடை குறைந்து மெலிந்திருப்பார்கள். அதனால் முட்டை, பருப்பு, பால், மீன் என்று புரதத்தையும் சேர்த்தே கூட்ட வேண்டும். வயிறு நிறையச் சாப்பிட்டால் இரைக்கும் என்பதால் சிறிது சிறிதாகப் பலமுறை.

பிராங்கியெக்டாசிஸ் சேர்ந்திருந்தால் காலையில் சளியை வெளியேற்றும் முறையை முதலில் செய்துவிட்டு அதன்பின் நடக்க வேண்டும். ரத்தம் கலந்து வந்தால், மேலே சொன்னதுதான், நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

"ஐஎல்டி-ன்னு சொல்லியிருக்காங்க. அதுக்கும் இதே பயிற்சிதானா?"

அடிப்படை ஒன்றுதான், பலனும் உண்டு. ஆனால் நுரையீரல் இறுகிப்போகும் இந்த நோயில் நடக்கத் தொடங்கியதுமே ஆக்சிஜன் வேகமாக இறங்கும், நோயாளிக்கே அது தெரியாமலும் இருக்கலாம். அதனால் விரலில் பல்ஸ் ஆக்சிமீட்டரோடு, மேற்பார்வையில்தான் தொடங்க வேண்டும். நகப்பூச்சு இருந்தாலும் விரல் சில்லிட்டிருந்தாலும் எண் தப்பாகக் காட்டும். உதட்டைக் குவித்து விடுவது இவர்களுக்குப் பெரிதாக உதவாது. காற்று தேங்குவது இந்த நோயின் பிரச்சினை இல்லை.

"வீட்ல ஆக்சிஜன் மெஷின்ல இருக்கார். அவரும் செய்யலாமா?"

செய்யலாம், செய்யவும் வேண்டும். நீள ட்யூப் போட்டு வீட்டுக்குள்ளேயே நடக்கலாம். நீண்டகால ஆக்சிஜன் சிகிச்சை எழுதிக் கொடுத்திருந்தால் ஒரு நாளைக்குக் குறைந்தது 15 மணி நேரம் எடுக்க வேண்டும். பயிற்சி நேரமும் அதில் சேரும். நடக்கும்போது எத்தனை லிட்டர் வைக்கலாம் என்பதை மருத்துவர் அளந்து சொல்வார். இரைக்கிறதே என்று நீங்களாகக் கூட்டாதீர்கள். சிஓபிடியில் சிலருக்குக் கார்பன் டை ஆக்சைடு தேங்கி மயக்கம் வரை போகும்.

"போன வாரம்தான் ஆஸ்பத்திரியில இருந்து வந்தார். இப்போவே ஆரம்பிக்கலாமா, தேறினப்புறமா?"

தேறட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நாட்களில் தொடைத்தசை இன்னும் கரைந்திருக்கும். வீட்டுக்கு வந்த நான்கு வாரத்துக்குள் தொடங்குவது நல்லது. அமெரிக்காவில் சிஓபிடியால் ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பிய ஏறக்குறைய 2 லட்சம் முதியவர்களின் பதிவுகளைப் பார்த்த 2020-ஆம் ஆண்டு ஆய்வில், 90 நாளுக்குள் பயிற்சி தொடங்கியவர்களில் ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 7.3 சதவீதம், மற்றவர்களில் 19.6 சதவீதம். சேர்ந்தவர்கள் முதலிலேயே சற்றுத் தெம்பானவர்களாக இருந்திருக்கலாம் என்பதால் இந்த வித்தியாசம் முழுவதும் பயிற்சியால்தான் என்று சொல்ல முடியாது. என்னை உறுத்துவது இன்னொரு எண்: 90 நாளுக்குள் தொடங்கியவர்கள் 1.5 சதவீதம் பேர்தான்.

அதற்காக, மூச்சுத்திணறலோடு கட்டிலில் இருக்கும்போதே கடுமையாகச் செய்ய வேண்டும் என்று அர்த்தமில்லை. அட்மிட் ஆன 48 மணி நேரத்துக்குள் தொடங்கிப் பார்த்த ஒரு பிரிட்டன் ஆய்வில் (2014) மறுபடி ஆஸ்பத்திரிக்கு வருவது குறையவில்லை, ஓராண்டில் இறப்பு கூடுதலாகவும் இருந்தது. அங்கே எழுந்து உட்காருவதும் கழிவறை வரை நடப்பதும் போதும், பயிற்சி வீட்டுக்கு வந்த பிறகு.

"சென்டர் ரொம்ப தூரம். வாரத்துக்கு மூணு நாள் எப்படி வர்றது?"

நியாயமான கேள்வி. இப்படியொரு மையம் இல்லாத ஊர்களே அதிகம். வீட்டிலேயே செய்யலாம், ஆனால் ஒருமுறையாவது நேரில் வந்து சோதித்து, வேகத்தை முடிவு செய்துகொண்டு போங்கள். ஆஸ்திரேலியாவில் 2017-இல் வெளிவந்த ஆய்வில், ஒரே ஒரு முறை வீட்டுக்குப் போய்ச் சொல்லிக் கொடுத்துவிட்டு, பிறகு வாரம் ஒரு போன் வீதம் ஏழு போன் மட்டும் செய்தார்கள். எட்டு வார முடிவில் மையத்துக்கு வந்தவர்களுக்குக் குறையாத பலன் கிடைத்தது.

கருவி எதுவும் வாங்க வேண்டாம். நாற்காலியில் இருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, ஒரே படியில் ஏறி இறங்குவது, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்குவது (அது ஏறக்குறைய ஒரு கிலோ), மொட்டை மாடியிலோ கோயில் பிரகாரத்திலோ நடை. ஒரு நோட்டில் தேதி, நிமிடம், இரைப்பு எண் மூன்றையும் எழுதிவையுங்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து பிசியோதெரபி தருகிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

"பீடியை விட முடியலை. விட்டுட்டுத்தான் வரணுமா?"

வாருங்கள். விடுவதற்கும் இங்கேயே உதவுகிறோம். பீடி பிடிக்கிறார் என்று யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

"எங்கம்மா பீடியும் பிடிக்கலை, சிகரெட்டும் பிடிக்கலை. அவங்களுக்கு எப்படி சிஓபிடி?"

பெரும்பாலும் விறகடுப்பு. காற்றோட்டமில்லாத சமையலறையில் இருபது முப்பது வருடம் ஊதுகுழலோடு உட்கார்ந்தவர்களின் நுரையீரல் புகைபிடித்தவர் நுரையீரலைப் போலவே ஆகலாம். கேஸ் வந்த பிறகும் வெந்நீருக்கு மட்டும் விறகு என்று பல வீடுகளில் தொடர்கிறது. அதையும் நிறுத்துங்கள். கொசுவர்த்தியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். ஒரு சுருள் முழுக்க எரிந்தால் வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் புகைக்குச் சமம் என்று 2003-இல் வந்த ஆய்வு கணக்கிட்டது. கொசுவலை கட்டுங்கள். சாம்பிராணிப் புகையும் வேண்டாம். போகி அன்றும் தீபாவளி அன்றும் வெளியே நடக்காமல் சன்னலைச் சாத்திவிட்டு வீட்டுக்குள் செய்யுங்கள்.

"ரெண்டு மாசம் முடிஞ்சுது, நல்லா இருக்கேன். விட்டுடலாமா?"

விட்டால் ஓராண்டுக்குள் பெரும்பகுதி பலன் போய்விடும். மையத்துக்கு வருவது நிற்கலாம், நடையும் வலுவூட்டும் பயிற்சியும் நிற்கக் கூடாது. நடுவில் சளி, காய்ச்சல் என்று நின்றுபோனால் பழைய அளவில் தொடங்காமல் பாதியில் இருந்து தொடங்குங்கள். ஃப்ளூ தடுப்பூசி வருடம் ஒருமுறை, நிமோனியா தடுப்பூசி மருத்துவர் சொன்னபடி போட்டுக்கொண்டால் இப்படி நின்றுபோவது குறையும்.

"நாங்க சொன்னா அப்பா எழுந்திருக்கவே மாட்டேங்குறார். பயப்படுறார். என்ன செய்யட்டும்?"

மூச்சு திணறியவருக்கு அந்தப் பயம் நியாயமானது, சோம்பல் என்று சொல்லாதீர்கள். மூச்சு கூடினால் பயம் கூடும், பயம் கூடினால் மூச்சு இன்னும் மேலோட்டமாக ஓடும். முன்னால் குனிந்து உட்கார்ந்து அடக்கும் முறையை முதலில் கற்றுக்கொடுங்கள். இரைத்தாலும் தன்னால் அடக்க முடியும் என்று தெரிந்த பிறகு எழுந்திருப்பார். அவரைப் போலவே இருக்கும் இன்னும் நாலு பேரோடு சேர்ந்து செய்யும்போது தைரியம் வருவதை அடிக்கடி பார்க்கிறேன்.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தண்ணீர் டம்ளரைக்கூடக் கையில் கொண்டுவந்து கொடுப்பது பாசம்தான், ஆனால் அந்த நாலு எட்டு நடையும் அதில் போய்விடுகிறது. எடுத்துக்கொள்ள விடுங்கள், கூட நில்லுங்கள்.

"கடைசி ஸ்டேஜ்னு சொல்லிட்டாங்க. இனிமே எதுக்கு இந்தக் கஷ்டமெல்லாம்?"

கடுமையான நிலையில் உள்ளவர்களுக்கும் பலன் உண்டு, இலக்குதான் வேறு. கட்டிலில் இருந்து தானே எழுந்து கழிவறைக்குப் போய்வர முடிந்தால் அவருக்கும் உங்களுக்கும் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். உட்கார்ந்தபடி முழங்காலை நீட்டி மடக்குவதில் தொடங்கலாம். நடக்கவே முடியாதவர்களுக்குத் தொடைத்தசையை மின்தூண்டலால் இயக்கும் முறை உண்டு. கையை ஊன்றித் தள்ளிக்கொண்டு போகும் சக்கர வாக்கர் இருந்தால் சிலர் கூடுதல் தூரம் நடக்கிறார்கள். வலிதணிப்புச் சிகிச்சை பெறுகிறவர்களும் இதைச் சேர்த்தே செய்யலாம். அது நடந்தால் இது கூடாது என்பதில்லை.

வேண்டாம் என்று நீங்கள் முடிவு செய்வதற்குமுன் அவரிடமே கேளுங்கள்: என்ன செய்ய முடிந்தால் நன்றாக இருக்கும்? ஒருவர் பேரன் பள்ளி வேனில் ஏறுவதை வாசலில் நின்று பார்க்க வேண்டும் என்பார், இன்னொருவர் தானே சவரம் செய்துகொள்ள வேண்டும் என்பார். அதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி முதல் நாளே எங்களிடம் கொண்டு வாருங்கள். அதற்கு எந்தத் தசை வேண்டுமோ அதில் இருந்து தொடங்குகிறோம்.